சிஸ்கோ ரூட்டரின் நிகழ்வுப் பதிவு வசதி: செய்திகள் சிறப்பு, முன்னிருப்புகள் போதா

ரூட்டர் வாங்கும்போது அதன் வேகத்தையும் போர்ட்டுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், அது தனக்கு நேர்வதை எப்படி எழுதி வைக்கிறது என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. இந்த மதிப்புரை அந்த ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. சிஸ்கோ ரூட்டர்களில் இயங்கும் ஐஓஎஸ், அதன் வழிவந்த ஐஓஎஸ் எக்ஸ்இ ஆகிய மென்பொருள்களில் உள்ள நிகழ்வுப் பதிவு வசதி எப்படிப்பட்டது, பெட்டியிலிருந்து எடுத்து இணைத்த நிலையில் அது எந்த அளவுக்குப் பயன்படும், அதைப் பயனுள்ளதாக்க நிர்வாகி என்னென்ன எழுத வேண்டியிருக்கிறது என்பவற்றைக் கட்டளை வரியில் வேலை செய்பவரின் பார்வையில் இங்கே மதிப்பிடுகிறேன்.

இதற்கு நான் கைக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். பதிவைப் படிக்க வருபவர் ஏறத்தாழ எப்போதும் அந்த நிகழ்வு நடந்தபோது அங்கே இல்லாதவர். இணைப்பு நள்ளிரவில் அறுந்து மீண்டும் சேர்ந்துவிட்ட பிறகு காலையில் வந்து, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, எதை அடுத்து எது நடந்தது, யாராவது அமைப்பில் கை வைத்தார்களா என்று கேட்பவர். அவருக்கு விடை கிடைக்கிறதா என்பதை வைத்தே ஒவ்வோர் அமைப்பையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஐஓஎஸ் எழுதும் செய்திகள் மிகத் தரமானவை. ஆனால் அந்தச் செய்திகள் எங்கே போகின்றன, எவ்வளவு காலம் தங்குகின்றன, எந்த நேரக் குறிப்போடு எழுதப்படுகின்றன என்பவற்றுக்கு நிறுவனம் வைத்திருக்கும் முன்னிருப்புகள் (நாம் மாற்றாதவரை இருக்கும் அமைவுகள்), ரூட்டரோடு கணினியை நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளைச் செருகித் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்குப் பொருந்துமே தவிர, மறுநாள் வருபவருக்குப் பொருந்தா.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓர் இன்டர்ஃபேஸின் (ரூட்டரின் இணைப்பு முனையின்) நெறிமுறை நிலை விழுந்தால், அதாவது செயலிழந்தால், ஐஓஎஸ் எழுதும் வரியில், நேர முத்திரையை அடுத்து "%லைன்ப்ரோட்டோ-5-அப்டவுன்" என்ற தலைப்பும், அதன்பின் எந்த இன்டர்ஃபேஸ் எந்த நிலைக்கு மாறியது என்று கூறும் ஒரு வாக்கியமும் இருக்கும். சதவீதக் குறியை அடுத்து வருவது செய்தியை எழுப்பிய மென்பொருள் பகுதியின் பெயர். நடுவில் உள்ள எண் தீவிர நிலை. கடைசியாக வருவது அந்தச் செய்தி வகைக்கே உரிய சுருக்கப்பெயர். இன்டர்ஃபேஸுக்கு இன்டர்ஃபேஸ் வாக்கியம் மாறினாலும் தலைப்பு மாறாது என்பதால், பல்லாயிரம் வரிகளிலிருந்து ஒரு வகைச் செய்தியை மட்டும் தேடி எடுக்கவும், எண்ணவும், அதற்கு எச்சரிக்கை மணி வைக்கவும் அந்தத் தலைப்பே போதும். நினைவகம் ஒதுக்க முடியாமல் போனால் "%சிஸ்-2-மால்லாக்ஃபெயில்", அமைப்பை மாற்றும் முறைக்குள் போனவர் வெளியே வந்தால் "%சிஸ்-5-கான்ஃபிக்_ஐ", வழிகளைப் பரிமாறும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் அண்டை ரூட்டருடனான உறவு மாறினால் "%ஓஎஸ்பிஎஃப்-5-ஏடிஜேசிஹெச்ஜி" என்று பெயர்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் செய்ய வேண்டிய நடவடிக்கையும் தரும் செய்திக் கையேடுகளைச் சிஸ்கோ வெளியிட்டு வருகிறது. பதிவு வசதியின் உள்ளடக்கம் என்ற அளவில் இதைவிட ஒழுங்கான ஏற்பாட்டை எதிர்பார்ப்பது கடினம்.

தீவிர நிலைகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் பெரும்பாலானோர் பதிவை வடிகட்டத் தொடங்குவது இங்கேதான், வழி தவறுவதும் இங்கேதான். 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உண்டு: நெருக்கடி, உடனடிக் கவனம், மிகத் தீவிரம், பிழை, எச்சரிக்கை, கவனிக்கத்தக்கது, தகவல், பிழைத்திருத்தம். எண் குறையக் குறையத் தீவிரம் கூடும். 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை உருவாக்கியபோது அதன் பகுதியாக எழுதிய சிஸ்லாக் என்ற பதிவு அனுப்பும் முறையிலிருந்து வந்த வழக்கம் இது; உலகெங்கும் புழங்கிவந்த முறையை 2001இல் ஆர்எஃப்சி 3164 என்ற இணைய ஆவணம் எழுத்தில் பதித்தது, 2009இல் ஆர்எஃப்சி 5424 அதை முறையான தரமாக்கியது. ஐஓஎஸ்ஸில் செய்திகள் போய்ச் சேரும் ஒவ்வொரு செல்லிடத்துக்கும் ஒரு நிலையைக் குறிப்பிட்டால், அந்த எண்ணும் அதற்குக் கீழ்ப்பட்ட எண்களும் கொண்ட செய்திகள் மட்டும் அங்கே போகும்.

சிக்கல் என்னவென்றால், ஐஓஎஸ் தன் செய்திகளுக்குக் கொடுத்திருக்கும் நிலை எண்கள் ஒரு வலையமைப்பை நடத்துபவரின் கவலைகளின் வரிசையோடு ஒத்துப்போவதில்லை. ஓர் இன்டர்ஃபேஸ் விழுந்தாலும் "%லிங்க்-3-அப்டவுன்"தான், அதே இன்டர்ஃபேஸ் நலமாக எழுந்தாலும் "%லிங்க்-3-அப்டவுன்"தான். இரண்டுமே பிழை என்ற நிலையில் எழுதப்படுகின்றன. ஒருவர் தன் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும், மறுநாள் வந்து அதை இயக்கியதும், மூன்றாம் நிலைப் பிழைகளாகப் பதிவாகின்றன. அதே நேரத்தில், ஒரு நிறுவனத்தின் இணைய இணைப்பே நம்பியிருக்கும் பிஜிபி (வலையமைப்புகளுக்கிடையே வழிகளைப் பரிமாறும் நெறிமுறை) அண்டை உறவு அறுந்துபோனால் வருவது "%பிஜிபி-5-ஏடிஜேசேஞ்ச்"; அது கவனிக்கத்தக்கது என்ற ஐந்தாம் நிலையோடு நின்றுவிடுகிறது. ரூட்டர் முழுவதுமாக மறுதொடக்கம் ஆனதைச் சொல்லும் "%சிஸ்-5-ரீஸ்டார்ட்" செய்தியும் ஐந்துதான், அமைப்பை யாரோ மாற்றியதைச் சொல்லும் செய்தியும் ஐந்துதான். பதிவுகளைச் சேர்த்து வைக்கும் வெளிச் சர்வரில் இடம் போதவில்லை, பிழைகள் மட்டும் வந்தால் போதும் என்று எண்ணி அனுப்பும் நிலையை 3க்குக் குறைத்துவிடும் நிர்வாகி, ஒவ்வொரு மேசைக் கணினியின் போர்ட்டும் எழுந்து விழுந்த கதையைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிஜிபி அறுந்ததையும் ரூட்டர் மறுதொடக்கம் ஆனதையும் அமைப்பு மாற்றப்பட்டதையும் முற்றிலும் இழந்துவிடுவார்.

ஆகவே என் உறுதியான கருத்து, வெளிச் சர்வருக்கு அனுப்பும் நிலையை முன்னிருப்பான 6இலிருந்து குறைக்கவே கூடாது என்பதுதான். இது நிறுவனம் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கும் முன்னிருப்புகளில் ஒன்று. இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால், நிலையை வைத்து வெட்டாமல் இடத்தையும் பெயரையும் வைத்து வெட்ட வேண்டும். பயனர் கணினிகள் இணையும் போர்ட்டுகளில், இணைப்பு நிலை மாற்றத்தை எழுத வேண்டாம் என்று அந்த இன்டர்ஃபேஸின் அமைப்பிலேயே "நோ லாகிங் ஈவன்ட் லிங்க்-ஸ்டேட்டஸ்" என்று சொல்ல முடியும். பிற ரூட்டர்களோடும் சுவிட்சுகளோடும் இணைக்கும் போர்ட்டுகளில் அதைத் தொடாமல் விட்டுவிடலாம். இதைவிட நுட்பமான கருவி "லாகிங் டிஸ்கிரிமினேட்டர்". மென்பொருள் பகுதியின் பெயரையோ சுருக்கப்பெயரையோ வாக்கியத்தில் உள்ள சொல்லையோ குறிப்பிட்டு, அவற்றைக் கொண்ட செய்திகளைத் தவிர்க்கவோ, அவற்றை மட்டும் சேர்க்கவோ விதி எழுதி, அந்த விதியை ரூட்டரின் நினைவகத்தில் பதிவு தங்கும் பஃபருக்கு ஒன்றாகவும் சர்வருக்கு வேறொன்றாகவும் பொருத்த முடிகிறது. ஐஓஎஸ்ஸின் பதிவு வசதியில் நான் மிகவும் மதிக்கும் கட்டளை இதுவே. அடிப்படைப் பயிற்சிகளில் அது போதிய அளவு கற்பிக்கப்படாதது எனக்கு வருத்தம் தருகிறது.

இதே இடத்தில், எந்தப் போக்குவரத்தை விடலாம், எதை மறுக்கலாம் என்று கூறும் அணுகல் பட்டியல்களைப் பற்றியும் ஒரு சொல். ஓர் அணுகல் விதியின் கடைசியில் "லாக்" என்று சேர்த்தால், அந்த விதியில் சிக்கும் போக்குவரத்து "%செக்-6-ஐபிஅக்செஸ்லாக்பி" என்ற தலைப்பில் ஆறாம் நிலையில் எழுதப்படும். முதல் பேக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) உடனே ஒரு வரி, பிறகு ஐந்து நிமிட இடைவெளிகளில் எத்தனை பேக்கெட்டுகள் என்ற தொகை வரி என்று ஐஓஎஸ் அளவோடு நடந்துகொண்டாலும், இணையத்தை நோக்கிய இன்டர்ஃபேஸில் எல்லாவற்றையும் மறுக்கும் கடைசி விதிக்கு இந்தச் சொல்லைச் சேர்த்தால், வெவ்வேறு முகவரிகளிலிருந்து ஓயாமல் வரும் தேடல் முயற்சிகள் ஒவ்வொன்றும் புது வரியாகிப் பஃபரை நிரப்பிவிடும். மென்பொருளில் பேக்கெட்டுகளைக் கையாளும் ரூட்டர்களில் செயலிச் சுமையும் கூடும். குறிப்பிட்ட ஓர் ஐயத்தை ஆராயும் காலத்துக்கு மட்டும் வைத்துவிட்டு நீக்குவதே நல்லது.

இனி, செய்திகள் போய்ச் சேரும் இடங்கள். கன்சோல், தொலைவிலிருந்து உள்நுழைந்த அமர்வின் திரை, ரூட்டரின் நினைவகத்தில் உள்ள பஃபர், வெளியே உள்ள சிஸ்லாக் சர்வர் என்று நான்கு வழிகள் முதன்மையானவை. ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்பாக எழுதும் வழி ஐந்தாவதாக உண்டு.

கன்சோலுக்கான முன்னிருப்பை நான் குறை சொல்லியே ஆக வேண்டும். அது பிழைத்திருத்தம் என்ற ஏழாம் நிலையில், அதாவது எல்லாவற்றையும் எழுது என்ற நிலையில், திறந்தே இருக்கிறது. கன்சோல் போர்ட்டின் வழக்கமான வேகம் நொடிக்கு 9600 பிட்டுகள். ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்த்து 10 பிட்டுகள் தேவைப்படுவதால், நொடிக்கு 960 எழுத்துகள்தான் அதன் வழியே போக முடியும். ஒரு செய்தி 100 எழுத்துகள் என்று கொண்டால், நொடிக்கு ஒன்பது அல்லது பத்து வரிகளே எல்லை. பல இன்டர்ஃபேஸ்கள் ஒரே நேரத்தில் விழும்போதோ, ஒரு பிழைத்திருத்தக் கட்டளையை இயக்கிவிட்டு மறந்துபோகும்போதோ செய்திகள் நொடிக்கு நூற்றுக்கணக்கில் எழும். அவ்வளவையும் அந்தக் குறுகிய வழியே தள்ளுவதற்காகச் செயலி தன் நேரத்தைச் செலவிட, ரூட்டர் தன் உண்மையான வேலைக்குத் திணறத் தொடங்கும். கன்சோலில் யாருமே இல்லாத ஓர் அறையில் பூட்டப்பட்டிருக்கும் ரூட்டருக்கு இந்த முன்னிருப்பு எந்த நன்மையும் செய்வதில்லை. "லாகிங் கன்சோல் கிரிட்டிகல்" என்று இரண்டாம் நிலைக்குக் குறைப்பதும், "லாகிங் ரேட்-லிமிட்" கட்டளையால் நொடிக்கு இத்தனை வரிகள்தான் என்று வரம்பு கட்டுவதும், புது ரூட்டரில் முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது இடையில் செய்தி வந்து கட்டளையைக் கலைப்பதைத் தடுக்கும் "லாகிங் சிங்க்ரனஸ்" வசதியையும் அப்போதே கன்சோலுக்கும் தொலை அமர்வுகளுக்கும் கொடுத்துவிடலாம். தொலை அமர்வில் செய்திகளைப் பார்க்க விரும்புபவர் "டெர்மினல் மானிட்டர்" என்று கேட்டால்தான் அவை அவர் திரைக்கு வரும். அது அந்த அமர்வோடு முடிந்துவிடும் என்பதால் தொல்லையில்லை.

பஃபர் அடுத்தது. "ஷோ லாகிங்" என்று கேட்டதும் விரியும் அந்தப் பட்டியல்தான் பெரும்பாலான நிர்வாகிகளுக்குப் பதிவு என்றாலே நினைவுக்கு வருவது. பல மாதிரிகளில் அதன் முன்னிருப்பு அளவு 4096 பைட்டுகள். முன்பு சொன்ன அதே கணக்கில் இது ஏறத்தாழ 40 வரிகள். நிரம்பியதும் பழைய வரிகள்மேல் புதிய வரிகள் எழுதப்படும். ஆகவே, இரவில் ஓர் இணைப்பு இருபது முறை விழுந்து எழுந்தால், அந்த ஆட்டம் எப்படித் தொடங்கியது என்று காட்டும் முதல் வரி காலைக்குள் அழிந்துபோயிருக்கும். கிகாபைட் கணக்கில் நினைவகம் கொண்ட இன்றைய ரூட்டர்களில் இந்த அளவுக்கு எந்த நியாயமும் இல்லை. "லாகிங் பஃபர்டு" கட்டளையில் அளவையும் நிலையையும் சேர்த்தே சொல்லலாம். சில லட்சம் பைட்டுகள் ஒதுக்குவது இன்றைய சாதனங்களில் யாருக்கும் பாரமாகாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பஃபர் மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். ரூட்டர் ஏன் தானாக மறுதொடக்கம் ஆனது என்ற கேள்விக்கு, மறுதொடக்கத்துக்கு முந்தைய நொடிகளின் வரிகள்தான் விடை வைத்திருக்கும். அந்த வரிகளைப் பஃபர் காப்பதில்லை. "லாகிங் பர்சிஸ்டன்ட்" என்ற வசதியால் பஃபரில் உள்ளதை ஃபிளாஷில் கோப்புகளாக எழுதச் செய்யலாம். மொத்த அளவையும் ஒரு கோப்பின் அளவையும் குறிப்பிட்டால் பழைய கோப்புகள் தாமாகவே நீங்கும். தொலைவில் தனியே இருக்கும் ரூட்டர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் ஃபிளாஷ் நினைவகத்துக்கு எழுதும் தடவைகளில் ஓர் எல்லை உண்டு என்பதால், இரைச்சலைக் குறைத்த பிறகே இதைத் திறக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஜூனிபர் நிறுவனத்தின் ஜூனோஸ் மென்பொருளோடு ஒப்பிடுவது பயன் தரும். அங்கே பதிவுகள் தொடக்கத்திலிருந்தே கோப்புகளாகத்தான் எழுதப்படுகின்றன. மறுதொடக்கத்துக்குப் பிறகும் முந்தைய கோப்பைத் திறந்து படிக்கலாம். நிர்வாகிகள் தட்டச்சிய கட்டளைகளைத் தனிக் கோப்பில் எழுதும் ஏற்பாடும் தொழிற்சாலை அமைப்பிலேயே சேர்ந்து வருகிறது. மறுநாள் வந்து படிப்பவரை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. மைக்ரோடிக்கின் ரூட்டர்ஓஎஸ் முன்னிருப்பாக நினைவகத்தில்தான் எழுதுகிறது என்றாலும், டிஹெச்சிபி, ஃபயர்வால், வயர்லெஸ் என்று தலைப்புவாரியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்துக்கு அனுப்ப இரண்டு வரி விதிகள் போதும் என்பது அதன் வசதி. ஐஓஎஸ்ஸின் செய்திகள் இவ்விரண்டின் செய்திகளையும்விடத் தேடுவதற்கு எளிதானவை என்றே நான் கருதுகிறேன், சேமிப்பில்தான் பின்தங்குகிறது.

நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையடையாது. மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் இல்லாத பழைய மாதிரிகள், ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் 1993 மார்ச் 1 என்ற தேதியிலிருந்து நேரத்தை எண்ணத் தொடங்கும். அப்படிப்பட்ட ரூட்டரின் பதிவில் எல்லா நிகழ்வுகளும் மார்ச் மாதத்திலேயே நடந்திருக்கும். ஐஓஎஸ் இதில் நேர்மையாக ஒரு குறியைக் காட்டுகிறது: நேர முத்திரைக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் கடிகாரம் நம்பத்தக்க மூலத்திலிருந்து சரிசெய்யப்படவில்லை என்று பொருள், ஒரு புள்ளி இருந்தால், முன்பு சரியாக இருந்து இப்போது நேரச் சர்வருடனான தொடர்பை இழந்துவிட்டது என்று பொருள். சிறிய குறிகளாயினும், இரண்டு ரூட்டர்களின் பதிவுகளை அருகருகே வைத்து எது முதலில் விழுந்தது என்று முடிவு செய்யும்போது இவற்றைப் பார்க்காமல் நேரத்தை நம்பக் கூடாது.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, குறைந்தது இரண்டு என்டிபி (நேரம் தரும்) சர்வர்களை அமைப்பது. இரண்டாவது, "சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம்" என்ற கட்டளையோடு மில்லிநொடி, நேர மண்டலம், ஆண்டு ஆகிய மூன்று விருப்பங்களையும் சேர்ப்பது. இந்த மூன்றில் ஆண்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்எஃப்சி 3164 விவரிக்கும் பழைய வடிவத்தின் நேர முத்திரையில் மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி மட்டுமே உண்டு; ஆண்டும் நேர மண்டலமும் இல்லை. பதிவுகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்க வேண்டியவர்களுக்கு இது ஒரு நாள் தொல்லையாக வந்து நிற்கும். உள்ளூர் நேரத்தில் எழுதுவதா, உலகப் பொது நேரத்தில் எழுதுவதா என்பதில் என் விருப்பம், ரூட்டர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட நேர மண்டலங்களில் இருந்தால் தயங்காமல் பொது நேரத்தையே வைத்துக்கொள்வது. கடிகாரத்தைக் கோடையில் முன்னும் குளிர்காலத்தில் பின்னும் நகர்த்தும் நாடுகளில், பின்னுக்குத் தள்ளும் இரவில் ஒரு மணி நேரம் பதிவில் இருமுறை வரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வெளிச் சர்வருக்கு அனுப்புவதுதான் இந்த வசதி முழுவதற்கும் உயிர்நாடி. "லாகிங் ஹோஸ்ட்" என்று முகவரியைக் கொடுத்தால் போதும், யுடிபி (வந்து சேர்ந்ததா என்று உறுதிசெய்யாமல் அனுப்பும் முறை) வழியே 514 என்ற எண்ணுள்ள போர்ட்டுக்குச் செய்திகள் போகத் தொடங்கிவிடும். சர்வர் பக்கத்தில் ஆர்சிஸ்லாக், சிஸ்லாக்-என்ஜி போன்ற எந்த மென்பொருளும் இவற்றை ஏற்கும். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் கோணக் குறிகளுக்குள் ஓர் எண் வரும். செய்தியின் மூலத்துக்குச் சிஸ்லாக் தரும் வகை எண்ணை எட்டால் பெருக்கித் தீவிர நிலையைக் கூட்டினால் வருவது அது. ஐஓஎஸ் முன்னிருப்பாகப் பயன்படுத்தும் லோக்கல்7 என்ற வகையின் எண் 23 ஆகையால், ஐந்தாம் நிலைச் செய்தி 189 என்றும் மூன்றாம் நிலைச் செய்தி 187 என்றும் வரும். பேக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்து வந்ததா இல்லையா என்று தேடும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

எளிமை அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. கவனம் தேவைப்படும் இடங்கள் அதற்கு மேல்தான் வருகின்றன. ரூட்டர் ஒரு செய்தியை அனுப்பும்போது, அது எந்த இன்டர்ஃபேஸ் வழியே வெளியேறுகிறதோ அந்த இன்டர்ஃபேஸின் முகவரியை அனுப்புநராக இடுகிறது. இரண்டு வழிகள் உள்ள ரூட்டரில் ஒரு வழி விழுந்தால், அந்த நொடியிலிருந்து அதே ரூட்டர் சர்வரின் கண்ணுக்கு வேறொரு சாதனமாகிவிடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் பதிவு இரண்டு கோப்புகளாகப் பிரிந்துபோகும். "லாகிங் சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்" கட்டளையில், எந்த இணைப்பு விழுந்தாலும் விழாத, மென்பொருளில் மட்டுமே உள்ள லூப்பேக் இன்டர்ஃபேஸைக் குறிப்பிட்டால் இது தீரும். முன்னிருப்பில் செய்திக்குள் ரூட்டரின் பெயரும் இருப்பதில்லை; "லாகிங் ஆரிஜின்-ஐடி ஹோஸ்ட்நேம்" என்று சேர்த்தால்தான் வரும். நிர்வாகப் போர்ட் தனி விஆர்எஃப்பில் (தனி வழிப்பட்டியலில்) இருக்கும் ஐஓஎஸ் எக்ஸ்இ மாதிரிகளில், சர்வர் முகவரியோடு அந்த விஆர்எஃப்பின் பெயரையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கட்டளை எந்தக் குறையும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளப்படும், செய்திகள் மட்டும் பொது வழிப்பட்டியலில் வழி தேடித் தொலைந்துபோகும்.

யுடிபியின் இயல்பையும் நினைவில் வைக்க வேண்டும். சர்வருக்குப் போகும் இணைப்பே அறுந்தால், அந்த இணைப்பு அறுந்தது என்ற செய்தியும் அதே இணைப்பின் வழியேதான் போக வேண்டியிருக்கும். போகாது, பிறகு மீண்டும் அனுப்பப்படவும் மாட்டாது. ஒரு வலையமைப்பின் மிக முக்கியமான நிகழ்வுகள்தான் இப்படித் தொலைந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் குறை. இதை முற்றிலும் நீக்க முடியாவிட்டாலும், தொலைந்தது தெரியும்படி செய்யலாம்: "சர்வீஸ் சீக்வென்ஸ்-நம்பர்ஸ்" என்ற ஒரு வரி, ஒவ்வொரு செய்திக்கும் தொடர் எண் இடுகிறது. சர்வரில் 412க்கு அடுத்து 431 வந்திருந்தால், இடையில் இருந்தவற்றை ரூட்டரின் பஃபரில் போய்த் தேட வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். பஃபரைப் பெரிதாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வேறொரு வழியில் எட்டக்கூடிய இரண்டாவது சர்வர் இருந்தால் அதையும் சேர்த்துவிடலாம்; ஐஓஎஸ் ஒரே நேரத்தில் பல சர்வர்களுக்கு அனுப்பும்.

வழக்கமான சிஸ்லாக் செய்திகள் மறையாக்கம் இன்றி வெறும் எழுத்துகளாகவே பயணம் செய்கின்றன. அனுப்புநர் யார் என்பதற்கும் எந்தச் சான்றும் இல்லை. வழியில் இருப்பவர் படிக்கலாம், போலியாக ஒன்றை எழுதி அனுப்பவும் செய்யலாம். வந்து சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபி வழியே அனுப்பும் விருப்பம் ஐஓஎஸ்ஸில் உண்டு. புதிய ஐஓஎஸ் எக்ஸ்இ பதிப்புகளில் ஆர்எஃப்சி 5425 வகுத்த முறைப்படி டிஎல்எஸ் மறையாக்கத்தோடு 6514ஆம் போர்ட்டுக்கு அனுப்பவும் முடிகிறது. சான்றிதழ்களை நிர்வகிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கும் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த வேண்டும்; மற்றவர்கள் நிர்வாகப் போக்குவரத்தைத் தனி வலையமைப்பில் பிரித்து வைப்பதே போதுமான முதற்படியாகும்.

யார் கை வைத்தார்கள் என்ற கேள்விக்கு முன்னிருப்பு தரும் விடை அரைகுறையானது. "%சிஸ்-5-கான்ஃபிக்_ஐ" செய்தி இன்னார் இந்த முகவரியிலிருந்து அமைப்பை மாற்றினார் என்று சொல்லுமே தவிர, என்ன மாற்றினார் என்று சொல்லாது. அமைப்புக் காப்பகப் பகுதிக்குள் சென்று மாற்றப் பதிவைத் திறந்தால், தட்டச்சிய ஒவ்வோர் அமைப்புக் கட்டளையும் பயனர் பெயரோடு எழுதப்படும். சிஸ்லாக்குக்கும் அனுப்பு என்று ஒரு வரி சேர்த்தால் சர்வருக்கும் போகும். "ஹைட்கீஸ்" என்று சேர்த்தால் கடவுச்சொற்கள் மறைக்கப்படும். இந்தக் கடைசி வரியைச் சேர்க்காமல் மற்றவற்றைத் திறப்பது ஆபத்து, ஏனென்றால் கடவுச்சொற்கள் சர்வரின் கோப்புகளில் போய் உட்கார்ந்துவிடும். உள்நுழைவு முயற்சிகள் தோற்றதையும் வென்றதையும் எழுதும் இரண்டு கட்டளைகள் தனியே இருக்கின்றன. இந்த நான்கைந்து வரிகளுக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ஆனால் இவை எழுதப்பட்ட ரூட்டரும் எழுதப்படாத ரூட்டரும் விசாரணை என்று வரும்போது இரு வேறு சாதனங்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு சிறு வசதியையும் பாராட்ட வேண்டும். "லாகிங் கவுன்ட்" என்று திறந்துவைத்தால், எந்தச் செய்தி எத்தனை முறை வந்தது, கடைசியாக எப்போது வந்தது என்று ஐஓஎஸ் தொகுத்துக் காட்டும். பஃபரிலிருந்து வரிகள் அழிந்த பிறகும் இந்த எண்ணிக்கை நிற்கும் என்பதால், புதிதாகப் பொறுப்பேற்கும் நிர்வாகி ஒரு ரூட்டரின் குணத்தை விரைவில் அறிந்துகொள்ள இது நல்ல வழி.

எல்லாவற்றையும் அமைத்த பிறகு "ஷோ லாகிங்" வெளியீட்டின் மேற்பகுதியைப் பார்த்தால், ஒவ்வொரு செல்லிடத்துக்கும் எந்த நிலை, எத்தனை செய்திகள் என்று இருக்கும். சர்வருக்கு எதிரே காட்டப்படும் எண்ணிக்கை ரூட்டர் அனுப்பியவற்றின் எண்ணிக்கை மட்டுமே. சர்வர் பெற்றுக்கொண்டதற்கு அது சான்றாகாது. அதைச் சோதிக்க ஐஓஎஸ்ஸிலேயே "சென்ட் லாக்" என்ற கட்டளை இருக்கிறது. நாம் எழுதும் ஒரு வாக்கியத்தை அது பதிவுச் செய்தியாக எழுப்பும். நிலை எண் எதுவும் கொடுக்காவிட்டால் அச்செய்தி ஏழாம் நிலையில் எழும், ஆறாம் நிலைவரை மட்டுமே அனுப்பும் முன்னிருப்பில் அது சர்வருக்குப் போகவே போகாது. ஆகவே 5 என்ற எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பிறகு சர்வரில் தேடி, அந்த வரி வந்திருக்கிறதா, ரூட்டரின் பெயர் அதில் இருக்கிறதா, அனுப்புநர் முகவரி லூப்பேக்குடையதுதானா, நேர முத்திரைக்கு முன் நட்சத்திரக் குறி இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ரூட்டருக்குப் போகலாம்.